சோதனைக்கு முன் ஐந்து நாள் கஞ்சி

1

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. காலை 5.05க்கு எழுந்தேன். சேலையூரில் தம்பி வீட்டின் மாடி அறை. 5.20க்கு மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆனது. 5.45க்குக் கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட் மூன்றையும் எடுத்தேன். மூன்றும் ஆரஞ்சு நிறம், ஆறு சதவீதக் கொழுப்பு. எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதிலிருந்து இதைப் பற்றி நான்கு முறை சொல்லியாகிவிட்டது.

ஆர்ஹூஸ் நகரத்துக்கு வெளியே ஒரு பால் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டென்மார்க்கின் மாடுகள் தருவதில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அளந்து எழுதுவது என் தொழில். அதனால் ஊருக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பால் பாக்கெட்டின் பின்பக்கத்தைத்தான். தம்பி இதை வியாதி என்கிறான்.

உண்மையில் வியாதி அவனுக்கு. பெயர் சாம். வயது நாற்பத்தொன்பது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். சென்ற ஆண்டு இதே ஆகஸ்டில் கணையம் வீங்கிப் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தான். சாராயத்தைத் தொட்டவன் இல்லை. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு அளவு மீறி ஏறியதுதான் காரணம் என்றார்கள். இன்னொரு முறை இப்படி வந்தால் தன்னால் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்று கிரேஸிடம் டாக்டர் சொன்னார். கிரேஸ் தம்பி மனைவி. அதை அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது நான் ஆலையின் குளிர் அறையில் நின்றிருந்தேன். விடுப்பு கிடைக்கவில்லை. ஒரு வருடம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறேன்.

அதன் பின் மூன்று இரத்தப் பரிசோதனைகள் முடிந்திருந்தன. மூன்றிலும் அந்தக் கொழுப்பு கட்டுக்குள் இருந்தது: 238, 221, 209. ஒவ்வொன்றையும் படம் பிடித்து அனுப்பினான். நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான்காவதும் இப்படியே வந்தால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்காவது பரிசோதனை இன்று காலை. டாக்டரைப் பார்ப்பது நாளை மாலை.

2

7.30க்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். கேம்ப் ரோடு சந்திப்பில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியிருந்தார்கள். போன முறை நான் வந்தபோதும் தோண்டியிருந்தார்கள். அதே குழியா, புதுக் குழியா என்று கேட்டேன். "இது அதோட தம்பி" என்றான்.

எட்டு மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது. சரியாகப் பன்னிரண்டு மணி நேர வெறும் வயிறு. அடுத்தது, சர்க்கரை அளவு பார்க்க, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. அதற்காகப் பக்கத்து டிபன் கடைக்குப் போனோம்.

அந்தக் கடையை நான் மறக்க மாட்டேன். எண்ணினேன்: முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிய ஒன்பது பேர், தம்பியோடு பத்து. பத்துப் பேர் தட்டிலும் இரண்டு இட்லி. ஒருவர் தட்டிலும் வடை இல்லை. கல்லாவில் இருந்தவர் தம்பியைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார்: "சாருக்கு லேப் இட்லி ஒண்ணு."

லேப் இட்லி என்றால் இரண்டு இட்லி, சட்னி கிடையாது, சாம்பார் தொட்டுக்கொள்ள மட்டும். அதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

"வீட்ல காலைல என்ன சாப்பிடுவே?" என்று கேட்டேன்.

"நாலு தோசை. கிரேஸ் நெய் விடுவா."

"பின்ன இங்க ஏன் ரெண்டு இட்லி?"

"டெஸ்ட்டுக்காகக்கா."

"தோசை சாப்பிட்டா உடம்பு என்ன பண்ணுதுன்னு பாக்கத்தான இந்த டெஸ்ட்டு?"

"அக்கா, எந்தப் பையனாவது தெரியாத பாடத்துல பரீட்சை எழுதுவானா?" என்றான். இருபத்தைந்து ஆண்டாக ஆசிரியராக இருப்பவன் அவன்.

இட்லி முடிந்ததும் எழுந்து தெருவில் நடக்க ஆரம்பித்தான். மற்ற ஒன்பது பேரில் ஆறு பேரும் நடந்தார்கள். கையில் பஞ்சோடு, ஒரே திசையில்.

நான் ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டேன். ஒரே தொழில் என்று சொன்னதால் அங்கிருந்த பாபு என்ற இளைஞர் உள்ளே உட்கார விட்டிருந்தார். இரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் நின்றது. பாபு ஒரு குழாயைத் தூக்கி விளக்கில் பிடித்தார். கீழே சிவப்பு. மேலே வெளிர் மஞ்சளாய்த் தெளிந்திருக்க வேண்டிய நீர் வெள்ளையாக இருந்தது.

"இன்னாக்கா இது, பால் மாதிரி கீது. சார் நேத்து இன்னா சாப்ட்டாரு?"

நேற்று ஞாயிறு. நான் வந்திருக்கிறேன் என்று மதியம் மட்டன் பிரியாணி, இரவு அதன் மிச்சத்தோடு பரோட்டா. சொன்னேன்.

அதற்குள் தம்பி வியர்வையோடு உள்ளே வந்தான். பாபு அவனைப் பார்த்துக் கேட்டார்: "சார், நீங்க ஒவ்வொரு தபாவும் கிளீனா வருவீங்களே. இந்த வாட்டி ரெடி ஆவாம வந்துட்டீங்களா?"

"ரெடி ஆவறதுன்னா என்னப்பா?" என்றேன்.

தம்பி கண்ணால் சைகை காட்டினான். பாபு குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சு நாளு கஞ்சி, அவிச்ச கோஸு, ரெண்டு வேளை நடை. எல்லாரும் அப்டித்தாங்க்கா. சும்மா எந்திரிச்சு யாரு வர்றாங்க இங்க? இத்த விட்ருங்க சார். அஞ்சு நாள் கழிச்சு சனிக்கிழமை வாங்க. புதுசா எடுத்துக்கலாம். ரிப்போர்ட்டே போட வேணாம்."

238, 221, 209. என் நோட்டில் நீல மையில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்த எண்கள். அவை தம்பியின் இரத்தத்தின் அளவுகள் அல்ல. கஞ்சியின் அளவுகள்.

"ரிப்போர்ட் போடுங்க" என்றேன்.

"வேணாம் பாபு" என்றான் தம்பி.

"போடுங்க பாபு."

"அக்கா, இது என் ரத்தம்."

பாபு இருவரையும் பார்த்தார். "நீங்க வூட்ல போய் சண்டைய முடிச்சுக்கோங்க. காலையிலயே கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனி நான் அத்த அழிக்கல. நாலு மணிக்கு தானா போன்ல வந்துரும். டாக்டருக்குக் காட்றதும் காட்டாததும் உங்க இஷ்டம்."

3

மதியம் தம்பி பள்ளிக்குப் போய்விட்டான். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறாத கோபத்தோடு உட்கார்ந்து எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

டென்மார்க்கில் கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வதில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்களோ சாப்பிட்டபடி வாருங்கள் என்கிறார்கள். மனிதன் நாளின் பெரும்பகுதியைச் சாப்பிட்ட வயிற்றோடுதான் கழிக்கிறான், அந்த நேரத்து இரத்தத்தைப் பார்ப்பதுதான் பொருத்தம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஆறு ஆண்டுகளுக்கு முன் என் முதல் பரிசோதனைக்கு நான் பதினான்கு மணி நேரம் பட்டினி கிடந்து போனேன். அதற்கு முந்தைய நான்கு நாளும் சோறு இல்லை, தேங்காய் இல்லை, வெறும் சூப்.

அந்தச் சந்திப்பு கிடைக்க ஐந்து வாரம் காத்திருந்தேன். அங்கே ஒரு சந்திப்புக்கு ஒரு பிரச்சினை மட்டும்தான் பேசலாம். கொழுப்போடு முழங்கால் வலியையும் சொன்னால், அதற்கு வேறு நாள் பதிவு செய்யுங்கள் என்பார்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று செவிலி கேட்டாள். நேற்று மாலை ஆறு மணி என்றேன். அவள் கவலையோடு, உடம்பு சரியில்லையா என்றாள். பட்டினி கிடந்தேன் என்பதற்கு என் டேனிஷில் வந்த சொல் நோன்பு. அவள் மரியாதையோடு தலையசைத்து அதையே எழுதிக்கொண்டாள். இன்று வரை என் மருத்துவப் பதிவில் நான் நோன்பு இருக்கிறவள். திருத்தச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். அது மருத்துவத் தகவல் அல்ல, வேறு பிரிவுக்கு எழுதுங்கள் என்று பதில் வந்தது.

அன்று எனக்குத் துணைக்கு வந்திருந்த என் மகன் யோனாவுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் பேசுவேன், அவன் டேனிஷில் பதில் சொல்வான். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. பேருந்தில் திரும்பும்போது, டாக்டரிடம் பொய் சொல்ல வேண்டுமென்றால் ஏன் டாக்டரிடம் போகிறாய் என்று கேட்டான். நான் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் ஆயத்தமாகப் போனேன் என்றேன். ஆயத்தம் என்ற சொல் அவனுக்குத் தெரியவில்லை. விளக்கிச் சொல்ல டேனிஷில் எனக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. இப்போது அவன் கோபன்ஹேகனில் படிக்கிறான். மாதம் ஒரு முறை பேசுகிறான்.

விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்கி வைக்கிற மாதிரி நாங்கள் இரத்தத்தைப் பெருக்கி வைக்கிறோம். அப்பா ரயில்வேயில் இருந்தபோது, மேலதிகாரி பார்வைக்கு வரும் நாளில் மட்டும் தாம்பரம் பணிமனையில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள் என்று சொல்வார். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் எண்ணெயை அளந்தது ரேஷன் கார்டுதான். மாதக் கடைசியில் தாளிப்பதே நின்றுவிடும். அப்பாவுக்கு எந்தப் பரிசோதனையும் யாரும் எடுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் போனார்.

4

நாலு பத்துக்குத் தம்பியின் அறிக்கை என் தொலைபேசிக்கு வந்தது. பதிவு செய்யும்போது பாபு என் எண்ணையும் சேர்த்திருந்தார்.

ட்ரைகிளிசரைடு 940. கீழே ஒரு வரி: சீரம் பால் போல் உள்ளது.

ஒரு டெசிலிட்டரில் 940 மில்லிகிராம் என்றால் நூறு மில்லியில் ஏறக்குறைய ஒரு கிராம். அதாவது ஒரு சதவீதம். எங்கள் ஆலையில் உடல் இளைக்க விரும்புகிறவர்களுக்காக விற்கும் மெலிந்த பாலில் கொழுப்பு அரை சதவீதம். என் தம்பியின் இரத்தம் அதைவிடக் கொழுத்தது. மாத்திரை சாப்பிடும்போதே இது. அந்த மாத்திரையைத்தான் அவன் நிறுத்தப் பார்க்கிறான்.

சமையலறைக்குப் போனேன். கிரேஸ் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொலைபேசியைக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"கஞ்சி வைக்கிறது நீயா?"

"அவர் கேப்பாரு அண்ணி. நானும் வெச்சுக் குடுப்பேன். நல்ல ரிப்போர்ட் வந்தா எனக்கும் தூக்கம் வரும்ல."

"சரி, மத்த நாள்ல? டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னாரில்ல? ஞாயித்துக்கிழமை பிரியாணி எனக்காகப் பண்ணதா, வாராவாரமா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வாராவாரம்தான். நீங்க சொன்னதுதானே அண்ணி?"

"நானா?"

மருந்து அலமாரியின் கதவைத் திறந்து காட்டினாள். உட்புறத்தில் ஒரு தாள், பள்ளிக்கூடத்து லேமினேஷன் போட்டு ஒட்டியிருந்தது. சென்ற அக்டோபரில், டாக்டர் அவனுக்கு வாரம் ஒரு வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தபோது, நான் அனுப்பிய செய்தி. அச்செடுத்து வைத்திருக்கிறான். "வைட்டமின் டி மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோடு மட்டும் எடு. இல்லையென்றால் உடம்பில் சேராது. மறக்காதே. அக்கா."

தகவல் சரிதான். அந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. வெறும் கருப்புக் காப்பியோடு விழுங்கினால் பாதி வீணாகும். ஆனால் அதற்கு வேண்டியது ஒரு முட்டை, அல்லது தாளித்த கூட்டில் இருக்கும் ஒரு டீஸ்பூன் எண்ணெய். எவ்வளவு என்று நான் எழுதவில்லை. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு தவறினால் மறுபடி அளக்கிறவள், அளவு இல்லாமல் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறேன். அதுவும் கணையம் வீங்கி எழுந்தவனுக்கு.

"அதனால ஞாயித்துக்கிழமைய வைட்டமின் நாள்னு வெச்சுட்டாரு" என்றாள் கிரேஸ். "சர்ச்சு முடிஞ்சு வந்து பிரியாணி, மேல ஒரு கரண்டி நெய், அப்புறம் மாத்திரை. நான் ஏதாவது சொன்னா, அக்கா லேப்ல இருக்கறவங்க, உனக்குத் தெரியுமான்னு கேப்பாரு."

"டாக்டர் அந்த மாத்திரைய வாரம் ஒண்ணுலேர்ந்து மாசம் ஒண்ணா மாத்தினாரே, டிசம்பர்ல?"

"மாத்திரைய மாத்தினாரு அண்ணி. பிரியாணிய யாரு மாத்தினா?"

5

தம்பி ஐந்தரைக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்: "பாத்தேன். 940. டாக்டருக்கு போன் பண்ணி அடுத்த வாரத்துக்கு மாத்திக்கிறேன். சனிக்கிழமை வேற ரத்தம் குடுத்துக்கறேன். நீ வந்ததால அஞ்சு நாள் போச்சு. அவ்ளோதான்."

"அஞ்சு நாள் போகல. வருஷம் போச்சு" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டியா."

நான் ஒரு தாளை எடுத்து அவனுக்குக் கோடு வரைந்து காட்டினேன். கணக்கு வாத்தியாருக்குக் கோடுதான் புரியும். சாப்பிட்ட சர்க்கரை ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் ஏறி இறங்கிவிடும். கொழுப்பு அப்படி இல்லை. குடல் அதைச் சின்னச் சின்னத் துளிகளாக்கி மெதுவாக அனுப்பும். உச்சம் மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பிறகுதான். பெரும்பாலோருக்கு அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் பெரிதும் வடிந்துவிடும். அவனுக்கு வடிவதில்லை. காலை நெய் தோசை போவதற்குள் மதியம், மதியம் போவதற்குள் மாலை பஜ்ஜி. மேலே தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் ஈரலும் தன் பங்குக்குக் கொழுப்பு செய்து அனுப்பும். கோட்டின் மேல் கோடு. லேப் இட்லிக்குப் பிறகு இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் சர்க்கரை அளவில் இதில் எதுவும் தெரியாது.

தாளைப் பார்த்தான். "கோடு சரியா இருக்கு" என்றான். பிறகு: "ஆனா சனிக்கிழமை போறேன்."

"ஏன்டா?"

"மாத்திரைய நிறுத்தணும்கா. தினம் காலைல அத முழுங்கும்போது அந்தப் பதினோரு நாள் ஞாபகம் வருது. மூக்குல குழாய். நர்சு வந்து ரெஜிஸ்டர்ல பேர் கூப்பிடற மாதிரி கூப்பிடுவா. மாத்திரை இல்லேன்னா நான் பேஷன்ட் இல்ல. அவ்ளோதான் எனக்கு வேணும்."

கிரேஸ் கதவருகே நின்றிருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"மூக்குல குழாய் உங்களுக்கு. அந்தப் பதினோரு நாளும் பச்சை பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்திருந்தது நானு. ராத்திரி மூச்சு வருதான்னு எண்ணிட்டு உக்காந்திருந்தேன். நீங்க எண்ணல. இனிமே கஞ்சி வைக்க மாட்டேன். ஓட்டல்ல வாங்கிக் குடிச்சாலும் சரி. அந்த நாற்காலில இன்னொரு தடவ என்னால உக்கார முடியாது."

தம்பி அவளைப் பார்க்கவில்லை. தாளில் நான் போட்ட கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் நான் ஆர்ஹூஸ் கதையைச் சொன்னேன். பதினான்கு மணி நேரப் பட்டினி, நான்கு நாள் சூப், நோன்பு. மகன் கேட்ட கேள்வியையும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. அலமாரித் தாளைப் பற்றியும் சொன்னேன்: எழுதினவள் நான், அளவு போடாதது என் தப்பு.

தம்பியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான்.

"சாப்ட்டு வான்னு சொன்ன ஊர்லயும் பட்டினி கிடந்தியா நீ?"

"ஆமா."

"என்ன கேவலம்கா இது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்போ உன் ரிப்போர்ட்டும் பொய்யா?"

"பொய்தான். போன வருஷம் சாப்பிட்டுப் போனேன். இப்ப நானும் மாத்திரை சாப்பிடறேன்."

"சொல்லவே இல்ல."

"நீ மட்டும் சொன்னியா?"

இரவு ஏழரைக்கு அவரைக்காய்ப் பொரியல், சின்னக் கிண்ணத்தில் சோறு, அவித்த முட்டை ஒன்று. கிரேஸ் எண்ணெயை டீஸ்பூனால் அளந்து ஊற்றினாள். அளக்கும்போது என்னைப் பார்த்தாள், அது பாராட்டு இல்லை. தம்பி சாப்பிட்டான். சனிக்கிழமை பற்றி எதுவும் சொல்லவில்லை. போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த நாளில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

6

ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்குத் தம்பி என் கதவைத் தட்டினான். பேன்ட் சட்டை போட்டிருந்தான். "கிளம்புக்கா, டோக்கன் போடணும்" என்றான்.

மாலையில் பார்க்கும் அந்த டாக்டருக்கு விடியற்காலையிலேயே கிளினிக் வாசலில் பெயர் எழுத வேண்டும். 5.35க்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்பே பதினோரு பேர் நின்றிருந்தார்கள். வாசலில் மேசை போட்டு இரண்டு நோட்டு வைத்திருந்தாள் ஒரு பெண். ரிப்போர்ட் மட்டும் காட்டுகிறவர்களுக்கு மெல்லிய நோட்டு. டாக்டரிடம் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத் தடித்த நோட்டு.

அவளுக்குத் தம்பியைத் தெரிந்திருந்தது. மெல்லிய நோட்டைத் திருப்பி வைத்தாள். "சார், எப்பவும் போல ரிப்போர்ட்டு தானே? இதுல எழுதுங்க. அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடறேன். அந்த லைன்ல நின்னா ராத்திரி ஒம்போது ஆயிடும்."

"இல்லம்மா. நிறைய சொல்லணும்" என்று தம்பி தடித்த நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பெயர் எழுதினான்.